பாட்டு ஒருவர், இசை ஒருவர்: இசையாசிரியரைக் குறிக்கும் சொல்லிணைவுகள்

ஒரு சொல்லுக்கு அகராதி தரும் பொருள் ஒன்று. அச்சொல் எந்தச் சொற்களோடு கூடி வழங்குகிறது என்பது வேறொன்று. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது, பனி பெய்வதும் உண்டு, கொட்டுவதும் உண்டு. ‘வெயில் வீசுகிறது’ என ஒருவர் எழுதினால் இலக்கண நூலைக் காட்டி அதைப் பிழையென்று கூறுவது கடினம். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, திணையும் பாலும் பொருந்தி நிற்கின்றன. ஆயினும் தமிழ் கேட்டுப் பழகிய செவி அதனை ஏற்பதில்லை. இவ்வாறு வழக்கினால் ஒன்றோடொன்று பிணைந்துவிட்ட சொற்கூட்டத்தையே இவ்வுரையில் ‘சொல்லிணைவு’ என்று குறிக்கிறோம்.

இலண்டன் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயிற்றுவித்த ஜே. ஆர். ஃபிர்த் 1950களில் இக்கருத்தை மொழியியலின் ஆய்வுப் பொருளாக நிலைநிறுத்தினார். ஒரு சொல்லின் பொருளில் ஒரு பகுதி அதன் கூட்டாளிச் சொற்களில் இருக்கிறது என்பது அவர் கொள்கை. மேலைநாட்டில் இது புதுமையாகத் தோன்றியிருக்கலாம். தொல்காப்பியக் கிளவியாக்கத்தைக் கற்றவர்க்கு இது பழகிய பாதை. பலவகை வினைகளுக்கு உரிய பொதுச்சொல் ஒன்றை, அவற்றுள் ஒரு வகைக்கு மட்டுமே உரிய வினையால் முடித்தல் ஆகாது என்பது அங்கே கூறப்படும் விதிகளுள் ஒன்று. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று நம் தலைப்புக்கு மிக அணுக்கமானது. ‘இயம்’ என்பது இசைக்கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். ஆகவே இயத்தைக் கொட்டினார் என்றாலும் ஊதினார் என்றாலும் வழு. இயம்பினார் என்றல் வேண்டும். கொட்டுதல் தோற்கருவிக்கும் ஊதுதல் துளைக்கருவிக்கும் மட்டுமே உரியவை அல்லவா? இசை பற்றிப் பேசும்போது எந்த வினையைக் கையாள வேண்டும் என்ற கவலை தமிழில் அவ்வளவு பழையது.

அந்தக் கவலை இன்றும் நமக்கு வேண்டியிருக்கிறது என்பதே மாக் மண்டினில் கூடிய இந்த அவையின் முன் நாம் வைக்க விழையும் கருத்து. இங்குள்ள நம் பிள்ளைகள் காலையில் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பாடம் கேட்கின்றனர். ஒரு மொழியின் சொல்லிணைவு மற்றொன்றின் உடையை உடுத்துக்கொண்டு கட்டுரைத் தாளில் வந்து நிற்பது இயல்பே. ‘அவர் ஒரு செழிப்பான இசையமைப்பாளர்’ என்ற தொடரைத் திருத்தும் தாளில் நாம் கண்டிருக்கிறோம். ஆங்கிலத்தின் ‘பிரொலிஃபிக்’ என்ற அடைக்கு அகராதியைப் புரட்டி எடுத்த சொல் அது. நிலம் செழிப்பாக இருக்கும், பயிர் செழிப்பாக இருக்கும், குடும்பமும் செழிப்பாக இருக்கும். இசையமைப்பாளர் செழிப்பாக இருந்தால் அவர் கையில் காசு நிறைய இருக்கிறது என்றுதான் பொருள்படும்.

ஆங்கிலம் ஓர் இசையாசிரியரைப் பாராட்ட முனையும்போது பெரும்பாலும் அவர் தொழிற்பெயருக்கு முன் ஓர் அடையைச் சேர்க்கும். ‘கிரேட் கம்போசர்’, ‘கிஃப்டட் கம்போசர்’, ‘பிரொலிஃபிக் கம்போசர்’, ‘கிளாசிக்கல் கம்போசர்’ என அவ்வரிசை நீளும். தமிழின் அமைப்பு வேறு. ‘நல்ல’, ‘பெரிய’ போன்ற தனிப் பெயரடைகள் நம் மொழியில் மிகச் சில. நாம் அடையைத் தேடுவதைவிடப் பெயரோடு பெயரைச் சேர்த்துத் தொகைச்சொல் ஆக்கி, அதனையே ஆளுக்குப் பட்டமாகச் சூட்டிவிடுகிறோம். விசுவநாதனும் இராமமூர்த்தியும் ‘மெல்லிசை மன்னர்கள்’, கே. வி. மகாதேவன் ‘திரையிசைத் திலகம்’, ஜி. இராமநாதன் ‘இசைமேதை’; இளையராஜா ‘இசைஞானி’; ஏ. ஆர். ரகுமான் ‘இசைப்புயல்’. இப்பட்டங்களுள் ஒன்றிலும் பெயரடை இல்லை என்பதை நோக்குக. இசை என்ற முதலுறுப்பு நிலைத்து நிற்க, மன்னர், திலகம், மேதை, ஞானி, புயல் என இரண்டாம் உறுப்பு காலத்துக்கேற்ப மாறுகிறது. மன்னர் என்ற சொல் ஆட்சியைக் குறிக்கும். ஞானி என்பது துறவுநெறியிலிருந்து வந்தது. புயலோ அதுவரை மரத்தை முறிப்பதற்கும் படகைக் கவிழ்ப்பதற்கும் உரியதாக இருந்த சொல். 1992இல் ‘ரோஜா’ வெளிவந்த பின்னர்ப் புயலும் புகழ்ச்சிக்கு உரியதாயிற்று. சொல்லின் கூட்டாளி மாறியதும் அதன் நிறமும் மாறியது.

இப்பட்டங்களுக்கு இலக்கண வாழ்வும் உண்டு. 1965இல் விசுவநாதனும் இராமமூர்த்தியும் பிரிந்தபோது ‘மன்னர்கள்’ என்ற பன்மையை என்ன செய்வது என்ற சிக்கல் எழுந்தது. வழக்கு அதனை எளிதாகத் தீர்த்துவிட்டது. இருவரும் தனித்தனியே ‘மெல்லிசை மன்னர்’ ஆயினர்.

ஒருவரைப் பாராட்ட மற்றொருவர் பெயரையே பட்டமாக்குவது இன்னொரு முறை. பாபநாசம் சிவனைத் (1890–1973) ‘தமிழ்த் தியாகையர்’ என்கிறோம். ரகுமானை ஆங்கில ஏடுகள் ‘மெட்ராசின் மொசார்ட்’ என்றன. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. சிவனுக்கு உயர்ந்த மதிப்பைத் தரும் இத்தொடர், அவருக்கு முன்பே தமிழில் கீர்த்தனை பாடிய சீர்காழி மூவரை மறைத்துவிடுகிறது என்பது நம் கருத்து. முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய மூவரும் தியாகராசருக்கு முற்பட்டவர்கள். பின்னவரை முன்னவரால் அளப்பதே முறையென்றால், அளவுகோலைச் சீர்காழியிலிருந்தே எடுத்திருக்கலாம்.

‘பிரொலிஃபிக்’ என்பதற்குத் தமிழ் என்ன செய்கிறது என்ற வினாவுக்கு இனி விடை கூறலாம். தமிழ் எண்ணைச் சொல்கிறது. ‘ஆயிரம் படங்களுக்கு இசையமைத்தவர்’ என்கிறோம். ‘எண்ணற்ற பாடல்களைத் தந்தவர்’, ‘பல்லாயிரம் பாடல்களை வழங்கியவர்’ என்றும் கூறுகிறோம். ஆங்கிலம் ஓர் அடையில் அடக்குவதைத் தமிழ் ஒரு வினையாலணையும் பெயரில் விரிக்கிறது. நாளேடுகளில் தேய்ந்துபோன ‘பிரபல இசையமைப்பாளர்’, ‘முன்னணி இசையமைப்பாளர்’, ‘அறிமுக இசையமைப்பாளர்’ ஆகியவை செய்தி மொழிக்கு உரியவை. அவற்றைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. பிரபலமானவர் என்றால் பெயரைச் சொன்னாலே போதும். ‘பிரபல’ என்று சேர்க்க வேண்டியிருக்கிறது என்றால் அவர் அவ்வளவாகப் பிரபலமாகவில்லை என்றே பொருள்.

‘கிளாசிக்கல் கம்போசர்’ என்பதே உண்மையில் இடர்ப்பாடு தருவது. ‘தியாகராசர் என்னும் செவ்வியல் இசையமைப்பாளர்’ என்று எழுதிப் பாருங்கள். சொற்கள் தனித்தனியே சரியாக இருக்கின்றன, கூட்டம் பொருந்தவில்லை. காரணம், ‘இசையமைப்பாளர்’ என்ற சொல்லைத் திரைப்படம் தன் உடைமையாக்கிக்கொண்டது. கருநாடக இசைமரபில் பாட்டும் இசையும் ஒருங்கே ஆக்குபவரை ‘வாக்கேயகாரர்’ என்பர். சொல்லையும் பாட்டையும் செய்பவர் என்பது அதன் பொருள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாரங்கதேவர் இயற்றிய ‘சங்கீத ரத்னாகரம்’ இதற்கு இலக்கணம் வகுக்கிறது. தமிழில் ‘இயலிசைப் புலவர்’ என்று எழுதினால் பொருள் முழுமையாக அமையும். மேலைநாட்டவரை என்ன சொல்வது? தமிழ் எழுத்தாளர்கள் ‘இசையமைப்பாளர் பீத்தோவன்’ என எழுதுவதைவிட ‘இசைமேதை பீத்தோவன்’ என எழுதுவதே பெருவழக்கு. தொழிற்பெயர் தடுமாறும் இடத்தில் பட்டப்பெயர் கைகொடுக்கிறது.

பெயர்களை விடுத்து வினைகளுக்கு வருவோம். தமிழின் செல்வம் இங்கேதான் குவிந்து கிடக்கிறது. பாடலோடு கூடும் வினை, பாடியவரின் தகுதியையும் காலத்தையும் கூடவே சொல்லிவிடும். நாயன்மாரும் ஆழ்வாரும் பாடல்களை ‘அருளிச்செய்தனர்’. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்துக்கு ‘அருளிச்செயல்’ என்ற வினைவழிப் பெயரே வழங்குகிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை ‘இயற்றினார்’. சிற்றூரில் ஒருவர் பாட்டுக் ‘கட்டினார்’. திரைப்பட இசையாசிரியர் மெட்டுப் ‘போட்டார்’. அருளுதல், இயற்றுதல், கட்டுதல், போடுதல் என்று மேலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டு இது. அருளினார் என்ற வினையைத் தோட்டத்துப் பாட்டுக்காரருக்கு நாம் ஒருபோதும் வழங்குவதில்லை. போட்டார் என்பதைச் சம்பந்தருக்கு வழங்கினால் அவை கலையும்.

ஆனால் ‘கட்டுதல்’ தாழ்ந்த வினை அன்று. செய்யுளுக்கு இலக்கணம் கூறும் நூலையே நாம் ‘யாப்பு’ என்கிறோம், யாத்தல் கட்டுதலே. எதுகையும் மோனையும் ‘தொடை’, அது தொடுத்தல். பாடல்களின் தொகுதி ‘பாமாலை’. மலர் தொடுப்பவனின் கைத்தொழிலிலிருந்தே நம் யாப்பிலக்கணம் தன் கலைச்சொற்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தின் ‘கம்போஸ்’ என்பதும் சேர்த்து வைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்ததே. நம் அச்சகங்களில் எழுத்துக் கோப்பதையும் ‘கம்போஸ் செய்தல்’ என்றே வழங்கினர். இந்நாட்டு மொழியோ இன்னும் நெருங்கி வருகிறது. மலாயில் ‘மெங்குபா லாகு’ என்றால் இசை அமைத்தல். ‘குபாஹான் பூங்கா’ என்றால் மலர் அலங்காரம். திருமணச் சீர்த்தட்டுகளை அழகுற அடுக்குவதும் குபாஹானே. மாலை தொடுக்கும் கையும் மெட்டுத் தொடுக்கும் கையும் ஒன்றென மலாயும் கருதுகிறது. தமிழ்ப் பள்ளியில் இச்சொற்களைக் கற்பிக்கும் ஆசிரியர், ‘குபா’ என்பதற்கு ‘உருவாக்கு’ என்று பொருள் எழுதிவிட்டுக் கடந்து செல்லாமல், ‘தொடு’, ‘கட்டு’, ‘யா’ என்ற வினைகளைக் காட்டினால் இரு மொழியும் ஒருங்கே தெளியும்.

‘உருவாக்கு’ என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று கூற வேண்டும். அண்மைக் காலத்தில் பாடல், இசை, மென்பொருள், வேலைவாய்ப்பு எல்லாம் ‘உருவாக்கப்படுகின்றன’. எதனோடும் சேரும் வினை எதைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. ‘கம்போஸ் பண்ணினார்’ என்று இளைஞர் கூறுவதைக் கேட்டால் நமக்கு அவ்வளவு வருத்தமில்லை. யாழை ஒரு பண்ணுக்கு ஏற்ப அமைத்தலைப் ‘பண்ணல்’ என்று பழைய இசைநூல் மரபு குறிக்கிறது. அது யாழ்க்கரணங்கள் எட்டனுள் முதலாவது. ஆங்கிலத்தைக் கொண்டு வந்தவர் அறியாமலே ஒரு நல்ல தமிழ்ச்சொல்லையும் கூட்டி வந்திருக்கிறார்.

‘எழுது’ என்ற வினை இன்னும் நுட்பமானது. தமிழில் ‘பாட்டு எழுதினார்’ என்றால் சொற்களை எழுதினார் என்றுதான் கொள்வோம். ஆங்கிலத்தில் ‘ரோட் த சாங்’ என்பது சொல்லையும் இசையையும் சேர்த்தே குறிக்கக்கூடும். இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இசையாசிரியர் பாடலாசிரியர் ஆகிவிடுவார். இளையராஜா 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியபோது ‘சிம்பொனி எழுதினார்’ என்ற சொல்லிணைவு தமிழில் பரவலாகக் காதில் விழுந்தது. தாளில் இசைக்குறிகளை எழுதும் மேலைமுறையைச் சார்ந்த கலைவடிவத்துக்கு அவ்வினை பொருந்துகிறது. ஆகவே அதனை வரவேற்கலாம். கீர்த்தனைக்கு அதனை நீட்டித்தல் ஆகாது.

வினையைத் தேர்ந்து வழங்குவதால் வரும் பயன் யாது என்று வினவலாம். யாருடைய உழைப்பு யாருடைய பெயரில் நிற்கிறது என்பது இவ்வினையைச் சார்ந்தே இருக்கிறது. பரிபாடலை எடுத்துக்கொள்வோம். எழுபது பாடல்கள் என்று மரபு கூறும் அந்நூலில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. 1918இல் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். பெரும்பாலான பாடல்களின் இறுதியில் உள்ள குறிப்பு, பாட்டு யாருடையது, இசை யாருடையது, பண் யாது என மூன்றையும் தனித்தனியே தருகிறது. கடுவன் இளவெயினனார் பாடிய மூன்றாம் பாடலுக்கு இசை வகுத்தவர் பெட்டனாகனார். அதே புலவரின் ஐந்தாம் பாடலுக்கு இசை வகுத்தவர் கண்ணனாகனார். இரண்டும் பாலையாழ்ப் பண். திரைப்படத் தொடக்கத்தில் பாடலாசிரியர் பெயர் ஒரு வரியிலும் இசையமைப்பாளர் பெயர் மற்றொரு வரியிலும் வருவதை நாம் இக்காலத்துப் புதுமையாகக் கருதுகிறோம். பரிபாடல் ஏட்டில் அவ்விரு வரிகளும் ஏற்கெனவே இருக்கின்றன. சிலப்பதிகார அரங்கேற்றுகாதையும் இசையாசிரியனையும் புலவனையும் தனித்தனி ஆள்களாகவே விளக்குகிறது. ‘இசை வகுத்தார்’ என்ற அந்தச் சொல்லிணைவை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது நம் நெடுநாள் விருப்பம். வகுத்தல் என்பதில் திட்டமும் பகுப்பும் இருக்கின்றன. அமைத்தலில் அவ்வளவு தெளிவு இல்லை.

இடைக்காலத்தில் அந்த இரண்டாவது வரி மங்கிவிட்டது. இராசராச சோழன் காலத்தில் தேவார ஏடுகள் மீட்கப்பட்டதைக் கூறும் திருமுறைகண்ட புராணம், அப்பதிகங்களுக்குப் பண் வகுக்கத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் எருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த பெண் ஒருவர் துணையானதாகச் சொல்கிறது. ஏட்டை மீட்டவரை ‘திருமுறை கண்ட சோழர்’ என்றும் தொகுத்த நம்பியாண்டார் நம்பியைப் பெயர் சொல்லியும் போற்றுகிறோம். பண் வகுத்த அம்மையார் குலத்தாலும் ஊராலும் மட்டுமே குறிக்கப்படுகிறார்.

அருணாசலக் கவிராயரின் (1711–1779) இராமநாடகக் கீர்த்தனையில் நிலைமை வேறுவகையில் இதே போன்றது. சொற்கள் கவிராயருடையவை, அவருடைய மாணாக்கர்களான சட்டநாதபுரம் வேங்கடராமையரும் கோதண்டராமையரும் அவற்றுக்கு மெட்டமைத்தனர். பிற்காலத்தில் அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967) அவற்றுள் சிலவற்றுக்குப் புதிய மெட்டு வகுத்தார். ஆயினும் மேடையில் ‘அருணாசலக் கவிராயர் கீர்த்தனை’ என்ற ஒரே தொடர். ‘இயற்றினார்’ என்ற வினை சொல்லையும் இசையையும் ஒருங்கே விழுங்கிக்கொள்கிறது. பாட்டின் இறுதியில் தம் பெயரையோ இறைவன் பெயரையோ முத்திரையாகப் பதிக்கும் வழக்கம் சொல்லாசிரியருக்குப் பாதுகாப்பு. மெட்டாசிரியருக்கு அத்தகைய முத்திரை இல்லை. இருபதாம் நூற்றாண்டில் அம்புஜம் கிருஷ்ணாவின் பாடல்களுக்கு வி. வி. சடகோபன் முதலியோர் மெட்டமைத்த செய்தியையும் இவ்வாறே அறிவிப்பாளர் பலர் விட்டுவிடுகின்றனர்.

நீரிணையின் அக்கரையில், ஜார்ஜ் டவுனில் பிறந்தவர் பி. ரம்லி (1929–1973). நடிகர், இயக்குநர், பாடகர், இசையாசிரியர் என்று பல துறைகளில் விளங்கிய அவருக்கு மலாய் மக்கள் சூட்டியுள்ள பெயர் ‘செனிமான் ஆகோங்’. மாபெருங்கலைஞர் என்று பொருள் கொள்ளலாம். அவர் காலத்து மலாய்ப் பாடல்களில் ‘லாகு’ ஒருவர், ‘செனி காத்தா’ ஒருவர் எனப் பிரித்தே குறிப்பது மரபு. லாகு என்பது மெட்டு. செனி காத்தா என்பது சொற்கலை. ரம்லி இசை வகுத்த பாடல்கள் பலவற்றுக்குச் செனி காத்தா எழுதியவர் எஸ். சுதர்மாஜி. ‘லாகு பி. ரம்லி’ என்பதைத் தமிழ் மாணவர் ‘பி. ரம்லியின் பாடல்’ என மொழிபெயர்க்கும்போது சுதர்மாஜி மறைந்துவிடுகிறார். ‘பி. ரம்லி இசை வகுத்த பாடல்’ என்றால் இருவருக்கும் இடம் உண்டு. பரிபாடல் ஏட்டைப் படித்தவருக்கு மலாய் இசைத்தட்டின் உறையைப் படிப்பது எளிது.

மலேசியத் தமிழுக்கே உரிய ஒரு சொல்லிணைவும் இருக்கிறது. ‘உள்ளூர் இசையமைப்பாளர்’, ‘உள்ளூர்க் கலைஞர்’ என்று நம் வானொலியும் நாளேடும் வழங்குகின்றன. சென்னையிலிருந்து வருபவரை யாரும் ‘வெளியூர் இசையமைப்பாளர்’ என்று கூறுவதில்லை. அவர் வெறும் இசையமைப்பாளர். அடை இருக்கும் இடத்தில் ஒரு குறைவும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஊக்குவிக்கும் நல்லெண்ணத்தோடு பிறந்த தொடர்தான் இது. அதன் பணி முடிந்துவிட்டது என்றே கருதுகிறோம். ஊரைச் சொல்ல வேண்டுமானால் ‘பினாங்கு இசையமைப்பாளர்’, ‘கிள்ளான் இசையமைப்பாளர்’ எனச் சொல்லலாம். சீர்காழி மூவர் என்று நாம் சொல்லும்போது ஊர் பெருமையைச் சேர்க்கிறதே அன்றிக் குறைக்கவில்லை.

தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் கட்டிய பாடல்களுக்கு இந்த ‘உள்ளூர்’ என்ற அடைகூடக் கிடைக்கவில்லை. அச்சிட்ட தொகுப்புகளில் ‘தொகுத்தவர்’ என்று ஒரு பெயர் இருக்கும். சில வேளை ‘பாடியவர்’ என்று ஒரு பெயரும் இருக்கும். ‘கட்டியவர்’ என்ற தலைப்பு காணக் கிடைப்பது அரிது. நாட்டுப்புறப் பாடல் என்றால் ஆக்கியோன் இல்லாத பாடல் என்று பாடநூல் வரையறுத்துவிட்டதால், கேட்க வேண்டிய வினாவை யாரும் கேட்பதில்லை. ஒரு தாலாட்டையோ ஒப்பாரியையோ பாடும் மூதாட்டி, மரபாக வந்த மெட்டில் தம் வீட்டுச் செய்தியைப் புதிதாகக் கட்டுகிறார். வேறு சிலர் பழைய சொல்லுக்குப் புது மெட்டுக் கூட்டுகின்றனர். முதலாமவர் பாட்டுக் கட்டியவர்; இரண்டாமவர் இசை வகுத்தவர். பள்ளித் திட்டப்பணிக்காக இப்பகுதிப் பாட்டிமாரிடம் பாடல் கேட்டுப் பதிவுசெய்யும் மாணவர்கள் தம் படிவத்தில் இவ்விரு வரிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்: பாட்டுக் கட்டியவர் யார்? மெட்டு எங்கிருந்து வந்தது? பாட்டி தம் பெயரைச் சொன்னால் அதனை முதல் வரியில் எழுத வேண்டும். தம் தாயின் பெயரைச் சொன்னால் அதனையும்.